வாடைக்காலமும் வானிலை அறிவிப்பும்
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





கனடாவிலும் லண்டனிலும் வாழும் நம்மவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. இரண்டு அடி பனி கொட்டும் என்பார்கள். விடிந்து பார்த்தால் கால்தடம் பதியும் அளவுக்குத்தான் கிடக்கும். சல்லியிலும் சாம்பல்தீவிலும் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வானத்தைப் பார்த்திருப்பவர்களுக்கும் அதே குறைதான். இரண்டுக்கும் காரணம் ஏறத்தாழ ஒன்றே.

பனிப்புயலை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்ரிமீற்றர் மழைக்குரிய நீர், பனியாக விழுந்தால் சுமார் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குவியும். மழைக் கணக்கில் சிறு பிழை, பனிக் கணக்கில் பெரும் பிழையாகிறது. மேலே ஓரிரு பாகை வெப்பம் கூடிய காற்றுப்படை ஒன்று இருந்தால் போதும், பனி உருகி மழையாகவே இறங்கிவிடும். புயலின் ஓரமும் கத்தியால் வெட்டியது போன்றது. 2015 ஜனவரி 26 இரவு நியூயோர்க்கில் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். புயல் சற்றுக் கிழக்கே விலகியது. நகரின் மத்திய பூங்காவில் விழுந்தது சுமார் 25 சென்ரிமீற்றர். கிழக்கே லோங் ஐலண்டின் சில இடங்களில் 60 சென்ரிமீற்றருக்கும் மேல். முன்னறிவிப்பாளர் ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். புயல் வந்தது உண்மை, இடம்தான் மாறியது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். வாடை தொடங்கியதும் வங்கக்கடலில் தாழமுக்கங்கள் உருவாகின்றன. தரையில் இருப்பதுபோல் நடுக்கடலில் அவதான நிலையங்கள் இல்லை. செய்மதி மேகத்தைக் காட்டும். மேகத்துக்குள் காற்றும் ஈரமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் கணித்தே அறிய வேண்டும். தாழமுக்கத்தைத் தள்ளிச் செல்லும் மேல்காற்று வலுவிழந்தால், அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைத் தொட்டது. 1964ஐயும் 1978ஐயும் மறவாத மக்கள் அஞ்சியிருந்தார்கள். கரையோரக் குடும்பங்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றன. அஞ்சிய அளவு அழிவு இங்கே நேரவில்லை. மன்னார் வளைகுடாவைக் கடந்து தமிழகத்தில் கரையேறும் என்று எதிர்பார்க்கப்பட்ட அது, இராமநாதபுரம் கரைக்கு அருகே நகராமல் நின்று வலுவிழந்தது. ஆனால் மழை, மையத்திலிருந்து வெகுதூரத்தில் சிதம்பரத்தை வெள்ளக்காடாக்கியது.

2024 நவம்பரில் நேர்மாறு. நம் கரையோரமாக மெல்ல நகர்ந்த தாழமுக்கத்துக்கு அப்போது சூறாவளி என்ற பெயர்கூடக் கிடைக்கவில்லை. பெங்கல் என்ற பெயர் சில நாட்களின் பின்னரே வந்தது. அதற்கு முன்னரே நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரம் ஒன்றை இழுத்துச் சென்று மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். பெயரைப் பார்த்து ஆபத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆகவேதான் இன்றைய முன்னறிவிப்பாளர்கள் ஒரே கணிப்பை நம்பியிருப்பதில்லை. தொடக்கநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, ஐரோப்பிய மையம் ஒவ்வொரு தடவையும் 50 கணிப்புகள் வரை செய்கிறது. அவை ஒன்றாகச் சென்றால் நம்பிக்கை கூடும். விசிறிபோல் விரிந்தால் குறையும். வரைபடத்தில் விரிந்து செல்லும் அந்தக் கூம்பு, “மையம் இதற்குள் எங்கேயும் வரலாம்” என்கிறது. மழை அக்கூம்புக்கு வெளியேயும் பெய்யும்.

சகோதரிகளே, இங்கேதான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். புயல் என்றதும் வெளிநாட்டிலிருந்து அன்போடு வட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். பல வேளைகளில் அது ஐம்பதில் ஒன்று. பத்து நாட்களுக்கு அப்பாலுள்ள கணிப்பு. அதைப் பார்த்து ஒரு கிராமமே பதறும். நடக்காவிட்டால், அடுத்த முறை வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்தாலும் “போன முறையும் இப்படித்தான் சொன்னார்கள்” என்று வள்ளம் தள்ளுவார்கள். தயவுசெய்து திணைக்களத்தின் கடைசி அறிவிப்பை, அது வெளியான திகதி, நேரத்தோடு மட்டும் அனுப்புங்கள்.

இன்னொன்று. கடலுக்குப் போகாதே என்று சொல்வது எளிது. அன்று உழைத்தால்தான் அன்று உலை ஏறும் வீட்டில், எச்சரிக்கையை மதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. வீணாய்ப்போன எச்சரிக்கையின் செலவை ஏழை மட்டுமே சுமக்கிறான். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பகுதியை, அத்தகைய நாட்களில் நம் மாணவியரின் குடும்பங்களுக்கு உலர் உணவு வழங்க ஒதுக்கலாமே. கரை திரும்பாத ஒரு வள்ளத்தை எந்த நிதியாலும் மீட்க முடியாது; கரையிலேயே நின்ற வள்ளத்துக்கு ஒரு நாள் அரிசி நம்மால் கொடுக்க முடியும்.