தவறாகக் கைது செய்தால் இழப்பீடு கேட்க முடியுமா?

(நம் சங்கத்தின் சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் காட்டாங்குளத்தூரில் வெளியூரிலிருந்து வந்து, வாடகைக்குத் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அதிகம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், இரவுக் காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டிகள் இல்லாமல் நமக்கு ஒரு நாள் ஓடாது. ஒரு நகையோ பைக்கோ காணாமல் போனால் முதலில் சந்தேகப்படுவதும் இவர்களைத்தான். தப்பே செய்யாத ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால், பிறகு போலீஸ் மீது வழக்குப் போட முடியுமா? முடியும். ஆனால் அது எவ்வளவு நீண்ட பாதை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

'ராக்கெட்ரி' படம் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனின் கதை. ராக்கெட் ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்றார் என்று சொல்லி, 1994 நவம்பர் 30 அன்று கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. சுமார் 50 நாள் காவலில் இருந்தார். 1996-இல் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று சி.பி.ஐ. அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் கேரள அரசு மறுவிசாரணைக்கு உத்தரவிட, 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இழப்பீட்டுக்கான போராட்டம் அதற்குப் பிறகும் நீண்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2001-இல் 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், இந்தக் கைது தேவையே இல்லாதது என்று கூறி 50 லட்சம் வழங்க உத்தரவிட்டது. கூடுதல் தொகை கேட்டு அவர் போட்டிருந்த சிவில் வழக்கைத் தொடரலாம் என்றும் சொன்னது. அந்த வழக்கு 2020-இல் 1 கோடியே 30 லட்சம் ரூபாய்க்குச் சமரசமாக முடிந்தது. கைதானபோது அவருக்கு வயது 52. பணம் கைக்கு வந்தபோது 78.

இதில் இரண்டு வழிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உயர் நீதிமன்றத்தையோ உச்ச நீதிமன்றத்தையோ நேரடியாக அணுகுவது ஒன்று. விடுதலையான பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் அடைபட்டிருந்த ருதுல் சா என்பவருக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் வழங்கச் சொன்ன தீர்ப்பு இந்த வழியைத் திறந்தது. மற்றொன்று சாதாரண சிவில் வழக்கு. நம் பகுதி என்றால் செங்கல்பட்டு நீதிமன்றங்கள்.

சிவில் வழக்கில் இரண்டு வகை உண்டு. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்தார்கள் என்பது ஒரு வகை. பொய் வழக்கை உள்நோக்கத்தோடு நடத்தினார்கள் என்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு நான்கு விஷயங்களை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்: எதிராளிதான் வழக்கை நடத்தினார், வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்தது, வழக்குப் போட நியாயமான காரணம் இல்லை, உள்நோக்கம் இருந்தது. உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பையும் காட்ட வேண்டும். விடுதலைத் தீர்ப்பு மட்டும் போதாது.

கால வரம்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பொய் வழக்குக்கு, அந்த வழக்கு முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. சட்டவிரோதக் காவலுக்கு, காவலிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து ஓராண்டு. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் இரண்டாவது உரிமை அதற்குள் காலாவதியாகிவிடும். அரசு மீதோ, பணி தொடர்பாக அதிகாரி மீதோ வழக்கு என்றால் முன்கூட்டியே இரண்டு மாத நோட்டீஸும் தர வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் கொடுக்கவும் ஓராண்டுதான். அந்த ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இத்தனைக்கும் ஆதாரம் வேண்டும். அது கைதான முதல் நாளிலேயே உருவாகிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், கைது ஏன் அவசியம் என்பதற்குப் போலீஸ் காரணம் காட்ட வேண்டும். இல்லையென்றால் நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும். கைது செய்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நம்மில் ஒருவர் முன்வரலாம். கைதான நேரத்தைக் குறித்து வையுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அடித்திருந்தால் மருத்துவரிடமும் நடுவரிடமும் அப்போதே சொல்ல வேண்டும். நம் கேட் சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். உடனே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.

கடைசியாக, நம்மைப் பற்றி. பொய் வழக்குக்கு போலீஸ் மட்டுமே பொறுப்பு என்று நினைக்காதீர்கள். பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்துப் போலீஸைத் திசை திருப்பியவர் மீதும் இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்பது 1908-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன சட்டம். நேர்மையாகச் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்தவருக்குப் பயமில்லை. ஆனால் புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். 'நகை காணவில்லை, கடைசியாகப் பார்த்தது இந்த நாள், வீட்டுக்கு வந்துபோனவர்கள் இவர்கள்' என்று எழுதுவது வேறு. 'வேலைக்காரம்மாதான் எடுத்தாள்' என்று எழுதுவது வேறு. பீரோவை இன்னொரு முறை தேடிவிட்டு எழுதுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் யார் படத்தையும் போட்டுத் 'திருடன்' என்று எழுதாதீர்கள்.

நம்பி நாராயணனுக்கு உச்ச நீதிமன்றம் வரை போகும் படிப்பும் பிடிவாதமும் இருந்தன. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு 26 ஆண்டுகள் வழக்கு நடத்த வழியில்லை. அவரைப் பற்றி நாம் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.