சிறையிலிருந்து சட்டசபைக்கு: தோழர் பி. ராமமூர்த்தியும் நம் ஓட்டும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஒரு ஆலைத் தோழர் என்னைக் கேட்டார்: "செங்கொடியோடு நாலு பேர் சட்டசபைக்குப் போய் என்னங்க ஆகப்போகிறது? கை தூக்குகிறவன் எண்ணிக்கையில்தானே எல்லாம் முடிகிறது?" நியாயமான கேள்வி. கோபத்தில் கேட்கவில்லை, அலுத்துப்போய்க் கேட்டார். அவருக்குப் பதிலாகத் தோழர் பி. ராமமூர்த்தியின் சட்டசபை வாழ்க்கையைச் சொல்லலாம் என்று தோன்றியது. வென்ற கதையை மட்டும் சொல்லி உங்களைக் கைதட்ட வைத்துவிட்டுப் போக நான் வரவில்லை. தோற்றதையும் சொல்லுகிறேன்.

ராமமூர்த்தி 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ல் தஞ்சை ஜில்லா வேப்பத்தூரில் பிறந்தவர். தஞ்சை ஜில்லா என்றால் அந்தக் காலத்தில் என்ன? இங்கே உட்கார்ந்திருக்கும் வயதான தாய்மார்களின் பெற்றோருக்குத் தெரியும். மிராசுதார் வயலில் பரம்பரை பரம்பரையாகக் கட்டுண்டு கிடந்த பண்ணையாள். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி. அதற்கும் மேலே சாணிப்பால். மாட்டுச் சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள், தோழர்களே! அந்த மண்ணில் மேல்சாதிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை காசிக்குப் படிக்கப் போனார், விடுதலைப் போரில் குதித்தார், ஜெயிலுக்குப் போனார், கடைசியில் செங்கொடியின் கீழ் வந்து நின்றார். மதுரை ஆலைத் தொழிலாளர்களிடையே வேலை செய்தார்.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டும் சமயத்தில்கூட அவரை விடவில்லை. மதுரைச் சதி வழக்கு என்று ஒன்றைப் போட்டு, அவரையும் தோழர் சங்கரய்யாவையும் மற்றத் தோழர்களையும் உள்ளே தள்ளினார்கள். 1947 ஆகஸ்ட் 14-ந் தேதிதான் வெளியே வந்தார்கள். மறுநாள் சுதந்திரம்! ஆனால் அந்தச் சுதந்திரம் கம்யூனிஸ்டுகளுக்கு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1948-க்குப் பின் அடக்குமுறை அவிழ்த்துவிடப்பட்டது. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் 22 தோழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில் தஞ்சையில் இரணியனும் சிவராமனும் குண்டுக்குப் பலியானார்கள்.

இந்த இரத்தம் காயுமுன் வந்தது 1952 பொதுத் தேர்தல். அதுவரை நிலம் உள்ளவன், வரி கட்டுகிறவன், படித்தவன் போன்றவர்களுக்குத்தான் ஓட்டு. இப்போதுதான் முதல் தடவையாக, வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. மிராசுதாரின் கையில் ஒரு சீட்டு என்றால் பண்ணையாளின் கையிலும் ஒரு சீட்டு. மில் முதலாளிக்கு ஒன்று, நூல் முடிச்சுப் போடும் பெண்ணுக்கும் ஒன்று.

மதுரை வடக்குத் தொகுதியில் ராமமூர்த்தி அபேட்சகர். அவரோ சிறையில். தெருவில் வந்து கும்பிட முடியாது, மேடையேறிப் பேச முடியாது. அவர் பேச வேண்டியதைத் தொழிலாளர்கள் பேசினார்கள், அவர் நடக்க வேண்டிய தெருக்களில் தொழிலாளர்கள் நடந்தார்கள். சிறைக்குள் இருந்தவாறே ஜெயித்தார். ஆந்திரப் பகுதியில் அனந்தப்பூரில் தோழர் நாகி ரெட்டியும் அப்படியே ஜெயித்தார். அவர் தோற்கடித்தது யாரை? சஞ்சீவ ரெட்டியை. சென்னை வண்ணாரப்பேட்டையில் ஜீவா ஜெயித்தார். திருச்சியில் கல்யாணசுந்தரம். முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றார். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டும். கம்யூனிஸ்டுகளுக்கு 62.

இனி நடந்ததைக் கவனித்துக் கேளுங்கள். 152 பேரை வைத்துக்கொண்டு மந்திரிசபை அமைக்க முடியாது, 188 வேண்டும். எதிர்க்கட்சிகள் பிரகாசம் தலைமையில் ஒரு முன்னணியாகச் சேர்ந்து நின்றன. கவர்னர் ஸ்ரீ பிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமனம் செய்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். ஒரு ஓட்டுக்கூட வாங்காதவர் முதல் மந்திரி! ஜனங்கள் முன் வாசலில் பூட்டுப் போட்டார்கள். அவர்கள் கொல்லைப்புற வழியாக உள்ளே போனார்கள். இதை எதிர்த்து ராமமூர்த்தி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார். மனு தள்ளுபடியாயிற்று.

அப்புறம் ஆள் சேர்ப்பு. காங்கிரசை எதிர்த்து ஜனங்களிடம் ஓட்டு வாங்கிய காமன்வீல் கட்சிக்கு 6 பேர். அதன் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையிலேயே மந்திரியானார். உழைப்பாளர் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டு 19 இடங்களில் ஜெயித்தவர்களும் காங்கிரசை ஆதரிக்கப் போனார்கள். பெயரில் உழைப்பாளி, நாற்காலியில் யார் என்று கேட்காதீர்கள். 1952 ஜூலையில் நம்பிக்கை ஓட்டு நடந்தபோது 200-க்கு 151 என்று ராஜாஜி ஜெயித்துவிட்டார். கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று அவர் சபையிலேயே சொன்னார். அதில் ஒளிவுமறைவு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் தோழர்களும் அன்று ஒரு கணக்கில் தவறினார்கள் என்றே எனக்குப் படுகிறது. காங்கிரசுக்கு எதிராக நின்றவனெல்லாம் கடைசிவரை கூட நிற்பான் என்று நம்பினார்கள். எதிரியை எதிர்ப்பது ஒன்று, உழைப்பாளியோடு நிற்பது வேறு. அந்த வித்தியாசம் ஓட்டு எண்ணும்போது தெரியாது. மந்திரி பதவி என்று ஆசை காட்டும்போது தெரியும்.

ஆலைத் தோழர் இங்கே நிறுத்திக் கேட்பார்: பார்த்தீர்களா, 62 பேர் போயும் ஒன்றும் ஆகவில்லையே?

பொறுங்கள் தோழரே. பதவி ஏற்றுச் சில மாதம்கூட ஆகவில்லை. 1952 ஆகஸ்டில் அதே ராஜாஜி சர்க்கார் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1951 டிசம்பர் முதல் வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். குத்தகைதாரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை இஷ்டம்போல் விரட்ட முடியாது. கூலிக்கு ஒரு வரையறை. கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்று சொன்ன மனிதர், கம்யூனிஸ்டுகள் கேட்டதில் ஒரு பகுதியை ஏன் கொடுத்தார்? தர்ம சிந்தனையாலா?

கொடுக்காவிட்டால் தஞ்சை ஜில்லா கையை விட்டுப் போய்விடும் என்ற பயம். 1943-லிருந்து தோழர் பி. சீனிவாசராவ் சேரி சேரியாகப் போய்க் கட்டிய சங்கம் அங்கே இருந்தது. கன்னடம் பேசும் மனிதர் தமிழ்ச் சேரியில் கஞ்சி குடித்து, படுத்துத் தூங்கி, பண்ணையாளை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அடித்தால் திருப்பி அடி என்றார். அந்தச் சங்கத்தின் ஆட்கள் தஞ்சையின் சில தொகுதிகளில் ஜெயித்துச் சட்டசபைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வயலில் நடந்த போராட்டத்தை லாக்கப்பில் போட்டு மூடலாம். வயலிலும் சபையிலும் ஒரே சமயத்தில் ஒரே குரல் கேட்டால் சர்க்கார் என்ன செய்யும்? அவசரச் சட்டம் போட்டது.

ஆனால் மிராசுதார் சும்மா இருந்தானா? சட்டத்தின் ஓட்டையைத் தேடினான். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது 6 ஏக்கர் 67 சென்டுக்கு மேல் உள்ளவனுக்குத்தான் சட்டம். அப்புறம் பண்ணையாள் என்ற பெயரையே ஒழித்தான். "நீ இனிப் பண்ணையாள் இல்லை, அன்றாடக் கூலி" என்றான். பண்ணையாளுக்குத்தானே பாதுகாப்பு? கூலியாளுக்கு எது? சவுக்கு போயிற்று, சாணிப்பால் போயிற்று. வேலை நிச்சயமும் கூடவே போயிற்று.

ஆலைத் தோழர்களே, இந்தத் தந்திரம் உங்களுக்குப் புதிதா? நிரந்தரத் தொழிலாளிக்குச் சட்டம் இருக்கிறது என்றவுடன் நிரந்தரத் தொழிலாளியே இல்லாமல் செய்துவிட்டானே முதலாளி! காண்ட்ராக்ட் என்றான், பயிற்சியாளர் என்றான், சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயர் வைத்து விடுதியில் பூட்டிப் பெண்பிள்ளைகளை வேலை வாங்கினான். தஞ்சை மிராசுதார் 1952-ல் கண்டுபிடித்ததைத்தான் மில் முதலாளி பிறகு படித்துக்கொண்டான்.

மறுபடி சட்டசபைக்கு வருவோம். 1953-ல் ராஜாஜி ஆரம்பப் பள்ளிக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று ஜனங்கள் சரியாகப் பெயர் வைத்தார்கள். வக்கீல் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்றால் வக்கீல். பண்ணையாள் பிள்ளை கற்றால்? செருப்புத் தைக்கிறவர் பிள்ளை கற்றால்? கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள், பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. ஜூலை கடைசியில் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சபையில் ஓட்டுக்கு வந்தது. 138-க்கு 138! இரு பக்கமும் சமம். சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளை தன் ஓட்டைப் போடவில்லை, தீர்மானம் விழுந்தது. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம். 139-க்கு 137. ஜெயித்தது!

இரண்டே ஓட்டு வித்தியாசம், தோழர்களே. மதுரை வடக்கில் "ஜெயிலில் இருக்கிறவருக்கு ஓட்டுப் போட்டு என்ன பயன்" என்று தொழிலாளர்கள் வீட்டில் படுத்திருந்தால்? வண்ணாரப்பேட்டையில் ஜீவா தோற்றிருந்தால்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு வெளியே நடந்த கிளர்ச்சிதான் பெரிய காரணம். ஆனாலும் அந்த இரண்டு ஓட்டைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன்.

1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தது. மொழிவாரி மாகாணம் நாம் கேட்டதுதான். ஆனால் சபையில் இருந்த நம் ஆட்களில் பெரும்பகுதி அந்தப் பக்கத்தவர்கள். நாகி ரெட்டி போனார். அவர் இடத்தில் ராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவரானார். 1957 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1957 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 4 இடம். 62 எங்கே, 4 எங்கே! 1962-ல் 2. பிரிந்துபோன பகுதிகளைக் கணக்கில் சேர்த்தாலும் இது பெரிய அடிதான், மழுப்பிப் பயனில்லை. காமராஜ் பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார். ஏழை மக்களின் மனம் அவர் பக்கம் சாய்ந்தது. இன்னொரு பக்கம் தி.மு.க. இளைஞர்களை இழுத்துக்கொண்டது. நாம் நடுவில் நின்றோம். ராமமூர்த்தி வீட்டுக்குப் போய்விட்டாரா? 1960-ல் ராஜ்யசபைக்குப் போனார். 1964-ல் கட்சி பிளந்தபோது மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் அரசியல் தலைமைக்குழுவில் இருந்த ஒன்பது பேரில் அவர் ஒருவர். 1967-ல் மதுரை மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். 1970-ல் சி.ஐ.டி.யு. தொடங்கியபோது அதன் முதல் பொதுச் செயலாளர். 1987 டிசம்பர் 15-ல் மறையும்வரை அவர் வேலை தொழிற்சங்கத்தோடுதான். சட்டசபை நாற்காலி அவருக்கு வாழ்க்கையில் ஐந்தே வருஷம். சங்கம் வாழ்நாள் முழுவதும்.

இதைக் கேட்டும் ஆலைத் தோழர் விடமாட்டார். "அது பழைய கதை, 62 பேர் இருந்த காலம். நாலு பேருக்குச் சொல்லுங்கள்" என்பார். சொல்லுகிறேன். 2021 தேர்தலில் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளுக்கும் தலா 2, மொத்தம் 4 பேர். 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று சபையில் வந்தது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழி திறந்த மசோதா. சர்க்காருக்குப் பெரும்பான்மை இருந்தது, மசோதா நிறைவேறியது. ஆளும் கட்சியோடு கூட்டணியில் இருந்தபோதும் நம் 4 பேரும் எதிர்த்து எழுந்தார்கள், வெளிநடப்புச் செய்தார்கள். கூட்டணியில் இருந்த வேறு கட்சிகளும் எதிர்த்தன. அது மட்டும் என்றால் செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்து போயிருக்கும். ஆனால் அன்று வெளியில் தொழிற்சங்கங்கள் எல்லாம், கொடி வித்தியாசம் பாராமல், எழுந்துவிட்டன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் வாபஸ் என்று அறிவித்தார். சிகாகோ தொழிலாளிகள் எட்டு மணி நேரத்துக்காக நின்ற அதே மே தினத்தில்!

நாலு பேரால் ஓட்டெடுப்பில் ஜெயிக்க முடியவில்லை. உண்மை. ஆனால் அவர்கள் உள்ளே எழுந்து நின்றதால் வெளியே இருந்தவனுக்கு அன்று மாலையே விஷயம் தெரிந்தது. வெளியே இருந்தவன் கிளம்பியதால் உள்ளே இருந்தவன் பேச்சுக்கு எடை வந்தது. ஓட்டுப் போட்ட மறுநாள் சங்கச் சந்தாவை நிறுத்துகிறவரும் நம்மிடம் உண்டு. சந்தா கட்டிவிட்டு ஓட்டை ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறவரும் நம்மிடம் உண்டு. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கோபப்படாதீர்கள்.

விவசாயத் தோழர்களுக்கு ஒன்று. 1952 சட்டத்தால் தஞ்சைப் பிரச்சினை தீர்ந்ததா? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியில் நெல் கொஞ்சம் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். பண்ணையாளை அன்றாடக் கூலி ஆக்கிய மிராசுதார், கூலியாள் சங்கம் சேர்ந்து கூலி கேட்டபோது என்ன செய்தான் என்பதற்கு அந்தச் சாம்பல் சாட்சி. அந்த ஊருக்குப் போகாத ஆலைத் தோழர்கள் ஒரு டிசம்பரில் போய்வாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து பஸ் இருக்கிறது.

என் நேரம் முடிந்தது. தலைவர் மணி அடிப்பதற்கு முன் நானே நிறுத்துகிறேன். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். பின்னால் நிற்கும் தாய்மார்கள் முதலில் கேட்கட்டும், அவர்களுக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டும்.