வில்லின் சத்தமும் மாட்டின் பாலும்

(வானொலியில் விவசாய விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் வில்லைப் பற்றிப் பேசப் போகிறேன். "உரம், பூச்சிமருந்து சொல்ல வேண்டியவர் வில்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாரே" என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

சென்ற மாதம் ஒரு கிராமத்தில் தென்னையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பெரியம்மா வழிமறித்தார். "சார், பக்கத்துத் தோப்புல எங்க கொழுந்தன் மகன் வில்லு விடுறான். 'டங்'குனு சத்தம் வந்தா போதும், மாடு காலைத் தூக்குது, பாலை அடக்கிக்குது. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார். பையனோ, "வில்லுன்னா சத்தம் வரத்தானே சார் செய்யும்? போட்டிக்குப் போகணும், பழகாம எப்படி?" என்றான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோகும் நிலை.

பெரியம்மா சொன்னது உண்மை. மடியைக் கழுவித் தடவும்போது மாட்டின் இரத்தத்தில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கலக்கிறது. பால் இறங்குவது அதனால்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து இந்த வேலையைத் தடுத்துவிடும். மடியில் பால் இருக்கும், கைக்கு வராது.

பையன் சொன்னதில் பாதிதான் உண்மை. எல்லா வில்லும் ஓரளவு சத்தம் போடும். ஆனால், அவன் வில் போட்ட சத்தம் அதிகம். அது அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த ரிகர்வ் வில். கைகளின் நுனி எதிர்ப்புறமாக வளைந்திருக்கும். 62 அங்குல நீளம், 35 பவுண்டு இழுவிசை. அந்த நாட்டில் உரிமம் பெற்று மான் வேட்டையாடுகிறவர்கள் பயன்படுத்தும் வகை.

வேட்டைக்காரர்களுக்குச் சத்தம் பெரிய விஷயம். 20 மீட்டர் தூரத்தை அம்பு கடக்கச் சுமார் 0.4 விநாடி ஆகும். ஒலியோ 0.06 விநாடியில் போய்விடும். சத்தம் கேட்ட மான் உடம்பைத் தாழ்த்தித் துள்ளும். அம்பு படக்கூடாத இடத்தில் பட்டு, காயத்தோடு அலையும். அதனால்தான் அவர்கள் வில்லை அடக்கிவைக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கு மான் இல்லை, மாடு. முறை ஒன்றுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டி அச்சு கிரீச்சிட்டால் மாட்டின் பலம் அங்கே வீணாகிறது என்று அறிவோம். வில்லும் அப்படியே. இழுத்த சக்தியில் அம்புக்குப் போகாமல் தங்கியதுதான் நாணையும் கைகளையும் அதிரவைத்துச் சத்தமாக வருகிறது. ஆகவே சத்தத்தை மூடுவதற்கு முன் சக்தியை அம்புக்கு அனுப்பப் பாருங்கள்.

ஒன்று, அம்பின் எடை. லேசான அம்பு வேகமாகப் போகும்; ஆனால் குறைந்த சக்தியையே வாங்கிக்கொள்ளும். பவுண்டுக்கு அரை கிராம் முதல் 0.65 கிராம் வரை இருப்பது நல்லது. 35 பவுண்டுக்கு 18 முதல் 23 கிராம். பையனின் அம்பை நகைக்கடைத் தராசில் வைத்தோம். 13 கிராம்தான் இருந்தது. பாதிக் குற்றம் அங்கேயே தெரிந்துவிட்டது.

இரண்டு, நாணின் இடைவெளி. நாண் ஏற்றிய வில்லில், பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரை மூலைமட்டம் வைத்து அளக்க வேண்டும். இந்த நீளமுள்ள வில்லுக்கு ஏறக்குறைய 7½ முதல் 8¼ அங்குலம் சரி. வில்லோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். நாணை இறக்கி, முறுக்கைக் கூட்டினால் நாண் குறுகி இடைவெளி ஏறும்; முறுக்கைக் குறைத்தால் இறங்கும். நாலைந்து முறுக்காக மாற்றி, ஒவ்வொரு தடவையும் சில அம்பு விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஓரிடத்தில் 'டங்' போய் 'தப்' என்று அடங்கும். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, அம்பின் வால் பிளவு. நாணில் மாட்டிய அம்பைத் தொங்கவிட்டால் தானாக நிற்க வேண்டும். நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் அம்பு நழுவி, வெறும் நாண் விட்டது போலாகிவிடும்.

நான்கு, திருகாணிகள். கையையும் பிடியையும் சேர்க்கும் திருகாணி தளர்ந்தால் கடகடக்கும். கையால் இறுக்கினால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகே சத்தத்தை உறிஞ்சும் வேலை. ரிகர்வ் வில்லில் நாண் திரும்பி வந்து கைகளின் நுனிப் பள்ளத்தில் அறையும். நாண் படும் இடத்தில் மெல்லிய கம்பளித் துணியை ஒட்டுங்கள். பிறகு கம்பளி நூலில் இரண்டு சிறு குஞ்சம் செய்து நாணில் கட்டுங்கள். ஒன்றை மேல் நுனியிலிருந்து நாணின் கால் பங்கிலும், மற்றதைக் கீழ் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கட்டினால், வேறு வேறு அதிர்வுகள் அடங்கும். குஞ்சம் கைகளில் படக்கூடாது. பருத்தாலும் கூடாது; அம்பின் வேகம் குறையும். நாணுக்குத் தேன்மெழுகு தேய்த்துவர, இழை பிரியாது.

மூன்று எச்சரிக்கைகள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. கை பிளந்து முகத்தில் அடிக்கும். நேற்று வரை இல்லாத புதுச் சத்தம் இன்று கேட்டால் விடுவதை நிறுத்தி, கைகளில் விரிசல் பாருங்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். நடைபாதையும் தொழுவமும் அந்தத் திசையில் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சத்தமில்லாத வில் கைக்கு வந்ததும், கடலைக்காட்டில் இறங்கும் பன்றி மேல் மனம் போகும். வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பயிர்ச் சேதத்தை வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள்.

அந்தப் பையன் கனமான அம்பு வாங்கினான், நாணைச் சரிசெய்தான். குஞ்சத்துக்குக் கம்பளி நூல் கொடுத்தது யார் தெரியுமா? அந்தப் பெரியம்மாவேதான். சத்தம் அடியோடு போய்விடவில்லை. மறுமுறை நான் போனபோது மாடு காதை மட்டும் அசைத்தது, அசை போடுவதை நிறுத்தவில்லை. இருந்தாலும் கறவை முடிந்த பிறகே வில்லை எடுப்பது என்று பையனே நேரம் வைத்துக்கொண்டான்.

கருவி எதுவானாலும் அதன் சத்தத்தைக் கேளுங்கள். எங்கே பலம் வீணாகிறது என்று அது சொல்லும்.