வணிகர் கையில் இருக்க வேண்டிய நூல்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வளர விரும்பும் வணிகர் எவற்றைப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். நான் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் பயில்வது ஒன்றையே அவர் நினைந்தார் போலும். இன்றுவரை ஒரு தீப்பெட்டியேனும் விற்று அறியாதவன் நான். முன் வரிசையில் அமர்ந்திருக்கும் என் மாமாவோ, இடம்பெயர்ந்திருந்த காலம் போக, இப்புல்மோட்டையிலே நெடுங்காலமாகக் கடை நடத்துபவர். தலைப்பைச் சொன்னதும் அவர் சிரித்தார். "மருமகன், கடைக்காரனுக்கு ஒரேயொரு புத்தகந்தான். அது கடன் கொப்பி" என்றார்.

அந்தக் கொப்பியின் கதையையே முதலிற் சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டாலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 350 ரூபாவைக் கடந்துவிட்டது. மாமா கடையில் சீமெந்தும் பெயின்ற்றும் கம்பியும் பழைய விலையில் வாங்கி அடுக்கியவை. "பழைய விலைக்கு வாங்கியதைப் புது விலைக்கு விற்பது பாவம்" என்று சொல்லிப் பழைய விலைக்கே கொடுத்தார். பாதிக்கு மேல் கடனாகவும் கொடுத்தார். சரக்கு முடிந்தது. கைக்கு வந்த பணத்தைக் கொண்டு திருகோணமலைக்குப் போனால், முன்பு வாங்கியதில் பாதிகூட வாங்க முடியவில்லை. அலுமாரிகள் பல மாதம் வெறுமையாகக் கிடந்தன.

மாமா செய்தது தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் வாணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கின்றது. மாமா அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அதன்படி நடந்தார். ஆனால் விற்ற பொருளை மீண்டும் வாங்க என்ன செலவாகும் என்று பார்ப்பதும் வணிகருக்குக் கடமை. அதைப் பாராவிட்டால் அடுத்த மாதம் ஊராருக்கு விற்கக் கடையில் ஒன்றுமிராது. ஆகவே என் பட்டியலில் முதலில் நிற்பது அழகிய நூல் எதுவுமன்று; செலவுக் கணக்கியல் பற்றிய பாடப்புத்தகம் ஒன்றேயாம். உயர்தர வகுப்பு மாணவனின் பழைய புத்தகமே போதும். அதனோடு, நாளிதழில் நாணய மாற்று விலை வரும் பத்தியையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நான் சொல்லும் நூல் சிலருக்கு வியப்பைத் தரலாம். நமக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே, 1660ஆம் ஆண்டில், பாய்மரம் ஒடிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று வந்து தங்கியது. கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் என்பவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. இங்கே இருக்கும் பலரின் வயது. கண்டி மன்னனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றிய தன் நூலை இலண்டனில் வெளியிட்டான். நான் பயின்ற மிஷன் பாடசாலை நூலகத்தில் அந்நூல் இருந்தது. வரலாற்றுப் பாடத்துக்காகவே முதலில் எடுத்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அது ஒரு வியாபாரியின் நூலுமாம் என்று விளங்கிற்று.

கையில் ஒன்றுமில்லாதவன் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடன் கொடுத்து நூற்றுக்கு ஐம்பது வட்டி பெற்றான். (இதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை!) கடனைத் தண்டப் பட்ட பாட்டையும் மறைக்காமல் எழுதியிருக்கிறான். பிறகு தோழன் ஒருவனுடன் சேர்ந்து மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் ஆகியவற்றைச் சுமந்து, அவை கிடையாத வடபகுதிக் கிராமங்களுக்குச் சென்றான். எவ்வூரில் எது இல்லை என்று அறிந்ததே அவனுடைய முதல். அந்த வியாபாரமே வழியையும் காட்டிக்கொடுத்தது. அனுராதபுரம் கடந்து, ஆற்றோரமாக நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். சிறையிருப்பில் ஒருநாள் கிழவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கண்டு, தான் பின்னிய தொப்பியைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டான். புத்தகத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

இனி, கடைகளில் மினுமினுக்கும் அட்டையுடன் கிடைக்கும் தன்னம்பிக்கை நூல்களைப் பற்றி ஒரு சொல். அவற்றை இகழ மாட்டேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்களே ஜேம்ஸ் அலனின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ஆனால் 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனி வீழ்ந்தது மன உறுதி குறைந்ததனாலா? அன்று. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908இல் அரசு அவரைச் சிறையிலிட்டது. ஆகையால் அலனின் நூலைப் படிப்பவர் அக்கம்பெனியின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மனத்தை மட்டும் சொல்லும் நூல் சந்தையைச் சொல்லாது.

தோல்வியைச் சொல்லும் நூல்கள் இதற்கு நல்ல மருந்து. ஜோன் புறூக்ஸ் என்பவர் 1969இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதி ஒன்று உண்டு. பெருஞ் செல்வர் வாரன் பவற் 1991இல் பில் கேற்ஸுக்குப் படிக்கக் கொடுத்தது அதுவே. ஃபோட் கம்பெனி பெரும் ஆராய்ச்சிக்குப்பின் 1957இல் வெளியிட்ட எட்செல் என்னும் கார், இரண்டே ஆண்டில் கைவிடப்பட்ட கதை அதில் இருக்கின்றது. வாங்குபவனைக் கேளாமல் தம்மையே கேட்டுக்கொண்டவர்களின் கதை அது.

திருக்குறளைச் சொல்லாமல் விட்டால் பெரியோர்கள் பொறுக்கமாட்டார்கள். பலரும் பொருள்செயல்வகையோடு நின்றுவிடுகிறார்கள். நான் தெரிந்துசெயல்வகையையும் இடனறிதலையும் முதலிற் படிக்கச் சொல்வேன். அழிவதையும் ஆவதையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் இடம் அங்கேதான் வருகின்றது.

இடம் என்றதும் நம் மணல் நினைவுக்கு வருகின்றது. 1957இல் இலங்கைக் கனியமணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது முதல் நம் கரையின் கறுப்பு மணலை உலகம் அறியும். இல்மனைற்று, றூட்டைல், சேர்க்கன் எல்லாம் அதில் உண்டு. இல்மனைற்றிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெண்மை தருவது. சேர்க்கன் ஓடுகளுக்கும் மட்பாண்டங்களுக்கும் மெருகாகின்றது. மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. பெயின்ற்று வாளியில் அடைபட்டு மாமாவின் கடைக்கு வருகின்றது. அவ்வாளியை நாளும் தூக்கி வைப்பவர்களில் எத்தனை பேருக்கு அதனுள் என்ன இருக்கிறதென்று தெரியும்? எனக்கே பல்கலைக்கழகம் போகுமட்டும் தெரியாது. நம்மில் ஒருவன் நாளை தொழிற்சாலை வைப்பான் என்று நான் ஆரூடம் சொல்லவில்லை. அதற்கு வேண்டிய முதலும் மின்சாரமும் அமிலமும் சிறிய காரியமல்ல. ஆயினும் இவ்வூர் வணிகர் படிக்க வேண்டியவற்றுள் ஓர் இரசாயன நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கத்து வாசிகசாலை அலுமாரியில் இரண்டு தட்டுகள் வெறுமையாய் உள்ளன. கணக்கியல் நூலொன்றையும் நொக்ஸின் நூலையும் இன்று அங்கே வைக்கிறேன். ஆங்கிலம் வாசிக்க இயலாதவர்களுக்காக, வருஞ் சனிக்கிழமை மாலை, நொக்ஸ் வியாபாரஞ் செய்த பகுதிகளைத் தமிழில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாமா அன்றைக்குக் கடையை ஏழு மணிக்கே பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.