தன்னுடலே தனக்குப் பகையாகும் வாத நோய்கள்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்திற் செய்யப்பட்ட பிரசங்கம்)



இம்மாதப் பிரசங்கத்திற்கு வைத்திய விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று சங்கத்தார் விரும்பினர். எத்தனையோ வியாதிகள் இருக்க, மூட்டுகளை வீங்கச்செய்து முடக்கும் வாத நோயை நாம் தேர்ந்துகொண்ட காரணம் யாதெனின், அது நம் வீடுகளில் மறைக்கப்படும் நோயாயிருப்பதேயாம். காய்ச்சலை ஒருவரும் மறைப்பதில்லை. நீரிழிவைப் பற்றியோ திண்ணையில் உட்கார்ந்து சிலர் பெருமையாகவே பேசுகின்றனர். ஆனால், இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்திக்கு விடியற்காலையில் விரல்களை மடக்க முடியவில்லையென்றால், அச்செய்தி அடுப்பங்கரையைத் தாண்டி வெளிவருவதில்லை. வரன் பேச வருகிறவர் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சந்தான் காரணம். அவ்வச்சத்தினால் வீணாகும் முதற் சில மாதங்களே மூட்டுகளைக் காத்துக்கொள்வதற்கு உரிய மாதங்களென்பது இக்கால வைத்தியர்களின் முடிபு.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம்மவர் எல்லா வலியையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றனர். முதுமையில் முழங்கால் தேய்ந்து வலிப்பது வேறு. அவ்வலி நடக்க நடக்க மிகும், இளைப்பாறினால் தணியும். முடக்குவாதமோ இரவு முழுவதும் இளைப்பாறிய பின் காலையிலேதான் மிகுந்து நிற்கும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்கி, ஒரு மணி நேரத்திற்கு மேலும் விறைத்திருக்கும். இதன் உறவினதாகிய லூபஸ் என்னும் நோய், மூட்டோடு நில்லாது முகத்திற் செந்தடிப்பையும் வாயிற் புண்ணையும் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பற்றும். முடக்குவாதம் ஆடவரினும் மாதரை ஏறக்குறைய மூன்று மடங்கும், லூபஸ் ஒன்பது மடங்கும் மிகுதியாகப் பற்றுகிறது. ஆகவே இது தாய்மார்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டிய விஷயமாகும்.

இந்நோய்களுக்கு வெளியிலிருந்து வந்த கிருமி நேர்க் காரணமன்று. நம்மைக் காக்க வேண்டிய படையே நம்மைத் தாக்குகிறது. இஃது எங்ஙனம் நிகழ்கிறதென்பதை நம் ஊர் வழக்கைக்கொண்டே விளக்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுவை நாடு ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. ஒரு கிராமம் பிரெஞ்சுக்காரருடையது, அடுத்தது ஆங்கிலேயருடையது, அதற்கும் அடுத்தது மறுபடியும் பிரெஞ்சுக்காரருடையது என்று துண்டு துண்டாகக் கிடந்தது. இருபுறத்தாரும் பேசியது ஒரே தமிழ், உடுத்தியது ஒரே உடை. சாவடியில் நின்ற சிப்பாய் தன் குடி யார், அயற்குடி யார் என்று எதனைக்கொண்டு அறிவான்? நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களின் நிலையும் இத்தகையதே. கிருமியின் புரதமும் நம் உடலின் புரதமும் ஒரேவகை மூலப்பொருள்களால் ஆனவை. அவற்றுள் தன்னதையும் பிறிதையும் பிரித்தறிவதே அவ்வணுக்களின் தொழில்.

உடல் தன்னைத் தானே தாக்குவதை இயற்கை ஒருபோதும் விடாதென்று ஜெர்மனி தேசத்துப் பால் எர்லிக் என்ற பேரறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார். அக்கருத்துக்கு மாறான சான்றுகள் சில ஆண்டுகளிலேயே தோன்றினவாயினும், பெரியவர் சொல்லின் கனத்தால் அவற்றைப் பலர் நெடுநாள் பொருட்படுத்தவில்லை. (இவ்வழக்கம் வைத்திய உலகத்துக்கு மட்டும் உரியதன்று.) 1940-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து எரிக் வாலர் என்பார், முடக்குவாத நோயாளரின் இரத்தத்தில் விந்தையான பொருளொன்று உளதென வெளியிட்டார். அது நம் உடலின் எதிர்ப்பொருள்களையே பற்றிக்கொள்ளும் மற்றோர் எதிர்ப்பொருளாகும். இன்றும் பரிசோதனைச்சாலைகளில் 'ஆர்.ஏ. பாக்டர்' என்று தேடப்படுவது அதுவே. 1948-இல் அமெரிக்காவில் ஹார்கிரேவ்ஸ் என்பவர் லூபஸ் நோயாளரிடத்தில், ஓரணு மற்றோரணுவின் உட்கருவை விழுங்கியிருப்பதைக் கண்டார்.

வெள்ளணுக்களில் 'டி' அணுக்கள் என்பன மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியிற் பயிற்சி பெறுகின்றன. தன் உடலையே பகையென்று கொள்ளும் அணுக்களுட் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆயினும் சில தப்பி வெளிவருகின்றன. அங்ஙனம் தப்பியவற்றை அடக்கிவைக்கத் தனிக் காவலணுக்கள் உள்ளனவென்று 1995-இல் ஜப்பான் தேசத்து ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவருக்கும், அக்காவலணுக்களை இயக்கும் மரபணுவைக் கண்ட மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025-ஆம் ஆண்டின் வைத்திய நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

முடக்குவாதத்தில் இக்காவல் தளர்வது மூட்டிலேதான் என்று சொல்வதற்கில்லை. புகைபிடிப்போரின் நுரையீரலிலும், ஈறு அழுகியோரின் வாயிலும், உடற் புரதங்கள் சிறிது உருமாறுகின்றன. ஆர்ஜினின் என்ற பகுதி சிட்ருலின் என்பதாக மாறுகிறது. வேடம் மாறிய குடியைச் சிப்பாய் அயலான் என்று கொள்வதுபோல, வெள்ளணுக்கள் அவ்வுருமாறிய புரதத்திற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்கின்றன. இவ்வெதிர்ப்பொருள் மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இரத்தத்தில் தோன்றிவிடுவதும் உண்டு. பின்னர் மூட்டின் உட்சவ்வில் வெள்ளணுக்கள் திரண்டு, டி.என்.எப். என்னும் செய்திப்பொருளைச் சுரந்து, மற்ற அணுக்களையும் போருக்கு அழைக்கின்றன. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்த எலும்பு மீண்டும் பழைய நிலைக்கு வளர்வதரிது.

நிற்க. இவ்வாராய்ச்சிக்கும் நம் புதுவைக்கும் உள்ள தொடர்பைக் கூறுவோம். இந்நோயைத் தனி நோயாகப் பிரித்து முதலில் எழுதியவர் பாரிஸ் நகரத்து லாந்த்ரே போவே என்ற இளம் வைத்தியர். அவர் 1800-ஆம் ஆண்டில், சால்பெத்ரியேர் மருத்துவமனையிற் கண்ட நோயாளரைக்கொண்டு தம் பட்ட ஆராய்ச்சியை எழுதினார். அதன்பின் 1823-இல் பிரெஞ்சு அரசாங்கத்தார் புதுவையில் 'எகோல் தெ மெத்சின்' என்னும் வைத்தியக் கல்விச்சாலையை நிறுவினர். அதன் வழிவந்ததே, 1964 முதல் ஜிப்மர் என்ற பெயருடன் கோரிமேட்டில் விளங்கும் பெருநிலையம். அங்கே நோயெதிர்ப்பு வைத்தியத்துக்கென்றே தனித்துறை உளது. அதனை வளர்த்தவர் டாக்டர் வீர் சிங் நேகி. அத்துறையார் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளரோடு கூடி, தமிழ்நாட்டுப் புதுவைத் தமிழரின் மரபணுக்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கின்றனர். 'தென்னிந்தியத் தமிழர்' என்ற பெயர் அக்கட்டுரைகளின் தலைப்பிலேயே காணப்படுகிறது. மேனாட்டார் இரத்தத்தைக்கொண்டு எழுதிய முடிபுகளை நாம் வாளா ஏற்றுக்கொண்டிருந்த காலம் போய், நம்மவர் இரத்தமே நம் நோய்க்குச் சான்றாக வந்தது பெருமகிழ்ச்சிக்குரியது.

அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துரைப்போம். எச்.எல்.ஏ.-ஜி என்றொரு புரதம் உண்டு. தாயின் வயிற்றிலுள்ள சிசு பாதி தந்தையின் கூறாயிருப்பினும், தாயின் வெள்ளணுக்கள் அதனை அயலென்று தாக்காமல் அமைதிப்படுத்துவதில் அதற்குப் பங்குண்டு. அதன் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடுகள், முடக்குவாதம் எவ்வயதில் தொடங்குகிறது என்பதையும் எதிர்ப்பொருள் தோன்றுவதையும் பாதிக்கின்றனவென்று 2015-இல் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. மற்றொன்று லூபஸைப் பற்றியது. கிருமிகளை அடையாளங்காணும் டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.9 என்னும் மரபணுக்கள் நம் மக்களிடத்தில் இயற்கைத் தேர்வினால் வடிவம் பெற்று, லூபஸ் வரும் இயல்பையும் பாதித்திருக்கலாமென்பது அவர்கள் கருத்து. அதாவது, பலவகைத் தொற்றுகளின் நடுவே வாழ்ந்த நம் முன்னோரைக் காத்த கூர்மையே, பேரர்களுக்கு இடையூறாகவும் ஆகக்கூடும். 'ஆகக்கூடும்' என்ற அளவில் இதனைக் கொள்க.

மரபணு என்றவுடன், "அப்படியானால் இது குலத்தில் ஓடும் நோய்தானே? பெண்ணெடுக்கும்போது விசாரிப்பதில் தவறென்ன?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். குலத்தையும் கோத்திரத்தையும் பேணுகின்ற சங்கத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. இதற்கு இரட்டையர் ஆராய்ச்சியே விடை. ஒரே கருவிற் பிறந்த இரட்டையர் இருவருக்கும் மரபணு முழுவதும் ஒன்றே. அவருள் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 பேரிடத்தில் மட்டுமே. மற்ற 85 பேர் அதே மரபணுவைச் சுமந்துகொண்டு அந்நோயின்றி வாழ்கின்றனர். உடன்பிறந்தாளுக்கு நோய் உண்டென்று ஒரு பெண்ணை ஒதுக்குவது எவ்வளவு பேதைமையென்பதை இதனால் அறிக. மாப்பிள்ளை பிடிக்கும் சுருட்டைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. இந்நோய்க்கு ஐயமறக் காட்டப்பட்ட காரணங்களுள் புகை ஒன்றென்பதை நினைவிற்கொள்க.

நம் ஊருக்குரிய மற்றொரு செய்தியும் சுவையுடையது. புதுவை ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பெயர்போனது. 1975-இல் இங்கு ஏற்பட்ட கொசு ஆராய்ச்சி நிலையத்தார் 1981 முதல் 1985 வரை நகரெங்கும் கொசு ஒழிப்பு வேலை செய்ததை முதியோர் மறந்திரார். அந்த யானைக்காற் புழு நம் உடலில் ஆண்டுக்கணக்காகத் தங்குகிறது. தங்க வேண்டுமானால் வெள்ளணுக்களைத் தூங்கவைத்தாக வேண்டும். ஒடிசாவிலும் யானைக்கால் மிகுந்த பகுதியுண்டு. அங்கே முடக்குவாத நோயாளரிடத்தில் அப்புழுவின் தொற்றைக் காணவில்லையென்று 2013-இலும், லூபஸ் நோயாளரிடத்திற் காணவில்லையென்று 2014-இலும் ஆராய்ச்சியாளர் எழுதினர். புழுவினம் ஒன்று சுரக்கும் பொருள் எலிகளின் மூட்டுவீக்கத்தைத் தணித்ததும் உண்டு. இதைக் கேட்டு ஒருவரும் புழுவை வேண்டிக்கொள்ள மாட்டார்கள். புழுவின் தந்திரத்தை மட்டும் பிரித்தெடுத்து மருந்தாக்க இயலுமா என்பதே அறிஞரின் தேட்டம்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கேதான் உயிருக்கு ஆபத்து நேர்கிறது. 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்பார், படுக்கையிற் கிடந்த பெண்ணொருத்திக்குக் கார்ட்டிசோன் கொடுக்க, சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். உலகமே வியந்தது, 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பின்னரே அதன் தீங்குகள் புலப்பட்டன. எலும்பு நொய்ந்தது, முகம் ஊதியது, இரத்தத்திற் சர்க்கரை ஏறியது. இன்று வைத்தியர் அளவறிந்து, குறுகிய காலத்துக்கே அதனைக் கொடுக்க முயல்கின்றனர். பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கப்படும் 'வாதப் பொடி' ஒரே நாளில் வலியை நீக்குமானால், அதில் இம்மருந்து கலந்திருக்குமென்றே ஐயுறுக.

இன்று முடக்குவாதத்துக்கு முதன்மை மருந்தாக விளங்குவது மெத்தோட்ரெக்சேட். இதன் வரலாறு சென்னையைத் தொட்டுச் செல்கிறது. ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், போலிக் அமிலத்தையும் அதற்கு எதிரான மருந்துகளையும் செய்த குழுவுக்குத் தலைவராயிருந்தார். அவர் 1948-இல் மறைந்தார். அவ்வினத்து மருந்தை 1951-இல் முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1988-இல் அமெரிக்க அரசு மெத்தோட்ரெக்சேட்டை இந்நோய்க்கு ஏற்றது. இதனை வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் நாள்தோறும் விழுங்கினால் எலும்பின் உள்ளிருக்கும் சோறு வற்றி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகும். வீட்டிலுள்ள பிள்ளைகள் நாட்காட்டியில் ஒரு கிழமையைக் குறித்துவைத்து, அந்நாளில் தாமே எடுத்துக்கொடுப்பது நன்று. எல்லார்க்கும் இம்மருந்து ஒரேவிதமாய்ப் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும், யாருக்குத் தீங்கு செய்யுமென்று மரபணுவைக்கொண்டு முன்னறியும் முயற்சியும் ஜிப்மரில் நடந்திருக்கிறது.

இம்மருந்துக்கு அடங்காதோர்க்கு டி.என்.எப். தடுப்பு மருந்து உண்டு. 1992-இல் லண்டனில் அதனை முதன்முதல் முடக்குவாத நோயாளர்க்குக் கொடுத்த இருவருள் ஒருவராகிய ரவீந்தர் மைனி, பஞ்சாபில் லூதியானாவிற் பிறந்தவர். மற்றவர் மார்க் பெல்ட்மன். ஆனால் டி.என்.எப். என்பது க்ஷயக்கிருமியைச் சிறைப்படுத்தி வைக்கும் பொருளுமாதலால், அதனைத் தடுத்தால் உறங்கும் க்ஷயம் விழித்துக்கொள்ளும். ஆகையால் நம் நாட்டில் அதற்குமுன் க்ஷயப் பரிசோதனை இன்றியமையாதது.

ஆராய்ச்சிக்கு இரத்தங் கேட்கும்போது நம்மவர் பின்வாங்குகின்றனர். நோயாளி ஒருவாறு இசைந்தாலும், உடன்வந்த நலமுடையவர், "எனக்கென்ன வந்தது?" என்கிறார். நோயில்லாதவர் இரத்தத்தோடு ஒப்பிடாமல் நோயாளியின் இரத்தம் எதனையும் சொல்லாது. கேட்பது சிறு குழாயளவே. இசைவதும் மறுப்பதும் அவரவர் உரிமை; மறுத்தால் சிகிச்சை குறையாது.

தாய்மார்கள் முன்னரே எழுதியனுப்பிய கேள்வியொன்று இருக்கிறது. இந்நோயுடைய பெண் பிள்ளை பெறலாமா? பெரும்பாலோர் பெறலாம், நோய் அடங்கியிருக்கும் காலத்தில், வைத்தியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. மெத்தோட்ரெக்சேட் சிசுவுக்குக் கேடாதலால், கருத்தரிக்குமுன் சில மாதங்களுக்கு முன்னரே வைத்தியர் அதனை நிறுத்திவிடுவார். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சி குளோரோகுவினையோ, கர்ப்பமென்று அஞ்சி மாமியாரும் தாயாரும் நிறுத்திவிடுதல் கூடாது. அது கர்ப்ப காலத்திலும் தொடர வேண்டிய மருந்து. லூபஸ் உடையவர் சிலரிடத்தில் 'ரோ' என்ற எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இதயத் துடிப்பைத் தளர்த்துவதுண்டாகையால், அதற்கான இரத்தப் பரிசோதனையை மணமான பின் காலந்தாழ்த்தாது செய்துகொண்டால், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதற்கொண்டு சிசுவின் துடிப்பைக் கவனித்துவர வைத்தியர்க்கு வசதியாயிருக்கும்.