‘சிட்டி’ என்றொரு குடும்பப் பெயர்



பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறோம். “பெயர் என்ன? அப்பா பெயர் என்ன?” என்று கேட்கிறார்கள். இரண்டையும் சொன்னால் வேலை முடிந்தது. மகன் பெயர், நடுவில் ‘அனாக் லெலாக்கி’, பிறகு தகப்பன் பெயர். மகளானால் ‘அனாக் பெரெம்புவான்’. அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பிறக்கும்போது தாத்தாவின் பெயர் பத்திரத்திலிருந்து விடைபெற்றுக் கொள்கிறது.

அண்டை வீட்டுச் சீனர்களைப் பாருங்கள். ‘தான்’, ‘லிம்’, ‘வோங்’ என்று பாட்டன் முதல் பேரன் வரை ஒரே குடும்பப் பெயர் தொடர்கிறது. நமக்கு அந்த வழக்கமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதே மலேசிய மண்ணில், தமிழர் வழிவந்த ஒரு சமூகத்தார் நூற்றாண்டுக் கணக்காகக் குடும்பப் பெயரைக் காத்து வருகிறார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றுதான் ‘சிட்டி’. இன்று அந்தப் பெயரின் கதையைக் கேட்போம்.

‘செட்டியார் என்றால் எங்களுக்குத் தெரியாதா? வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வேறு, இவர்கள் வேறு. கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், வெள்ளைக்காரர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்தவர்கள். நம் பாட்டன்மார் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணியின் ஆட்களாகவும் கப்பலேறியதும் அந்த நூற்றாண்டிலிருந்துதான். மலாக்காச் சிட்டிகளோ அதற்கு நானூறு ஆண்டுகள் முன்பே வந்து விட்டார்கள்.

15ஆம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில் செழித்திருந்தது. தமிழகக் கடற்கரையிலிருந்து வணிகர்கள் துணி மூட்டைகளோடு அங்கே வந்தார்கள். பருவக் காற்றை நம்பி ஓடிய பாய்மரக் கப்பல்கள் அவை. காற்று திரும்பும்வரை மாதக் கணக்கில் தங்க வேண்டும். அப்படித் தங்கியவர்களில் சிலர் மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை மணந்து இந்த ஊரிலேயே நிலைத்து விட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே மலாக்காச் சிட்டிகள்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அப்போது அங்கே பெருவணிகராக இருந்த தமிழர் ஒருவரை, இந்துக்கள் முதலிய மக்களுக்குத் தலைவராக, பெண்டஹாராவாக நியமித்தார்கள். அவர் பெயரை ‘நினா சாட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் ‘சாட்டு’ என்பது ‘செட்டி’ என்னும் சொல்லின் திரிபே என்று கருதுவோர் உண்டு.

சரி, ‘செட்டி’ என்றால் என்ன பொருள்? வணிகன் என்பதே பொருள். வணிகர் குழுவின் தலைவனை வடமொழியில் ‘சிரேஷ்டி’ என்பார்கள். பாலி மொழியில் அது ‘செட்டி’ ஆனது. அங்கிருந்துதான் நம் சொல் வந்தது என்பது பலருடைய கருத்து. இல்லை, தமிழில் ‘செட்டு’ என்றால் வாணிகம், சிக்கனம். அதிலிருந்து பிறந்ததே செட்டி என்று சொல்லும் தமிழறிஞர்களும் உண்டு. “அந்தம்மா செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்” என்று நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா? அதே செட்டுத்தான்.

வட இந்தியாவில் ‘சேட்’, கன்னட நாட்டில் ‘ஷெட்டி’, சிங்களத்தில் ‘ஹெட்டி’ என்பனவெல்லாம் இதன் உறவினரே. ‘ஹெட்டியாராச்சி’ என்ற சிங்களக் குடும்பப் பெயருக்குள்ளும் நம் செட்டி உட்கார்ந்திருக்கிறார்! இலங்கையில் கொழும்புச் செட்டி என்றொரு சமூகமும் உண்டு. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் ஆங்கில நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி அந்தச் சமூகத்தவர்.

செட்டி எப்படிச் ‘சிட்டி’ ஆனது? வெள்ளைக்கார அதிகாரிகளும் எழுத்தர்களும் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஒருவர் ‘எ’ ஓசை வரும்படி எழுதினார். மற்றொருவர் ‘இ’ ஓசை வரும்படி எழுதினார். ஏட்டில் ஏறியதே குடும்பத்துக்கு நிலைத்த பெயராகி விட்டது. பேனா பிடித்தவர் கையில் நம் பெயர் படும் பாடு இன்று நேற்று வந்ததல்ல!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்திலும் இதே எழுத்துகளில் ‘சிட்டி’ என்று எழுதப்படும் குடும்பப் பெயர் இருக்கிறது. வழக்கறிஞர்கள் கையாளும் ஒப்பந்தச் சட்ட நூல் ஒன்று, 1826இல் முதலில் வெளிவந்தது, இன்றும் ஜோசப் சிட்டி என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்குகிறது. அந்தச் சிட்டிக்கும் நம் செட்டிக்கும் எந்த உறவும் இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் விலங்கின் குட்டியைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து அது வந்ததாம். எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மலாக்காச் சிட்டிகள் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். ஆனால் வழிபாடு சைவம். மலாக்கா துக்காங் எமாஸ் சாலையில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலைப் பலர் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில், சிட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் சிட்டி 1781இல் கட்டிய கோயில் அது. காஜா பெராங்கில் அவர்களுடைய கிராமமான கம்போங் சிட்டி இருக்கிறது. போகிப் பண்டிகையன்று முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பார்ச்சு’. ஆண்டின் நடுவில் பழக் காலத்தில் மற்றொரு படையலும் உண்டு. அம்மை நோயைத் தீர்க்கும் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவை மலாயில் ‘டத்தோ சாச்சார்’ என்கிறார்கள். சாச்சார் என்றால் அம்மை. மொழி மாறியது, தாய் மாறவில்லை.

அந்தச் சமூகத்தில் எல்லாருக்கும் ‘சிட்டி’ என்பதே பெயர் அல்ல. பிள்ளை, நாயக்கர், படையாட்சி, முதலியார், ராஜா என்ற பெயர்களும் வழங்குகின்றன. சமூகமோ சிறியது. வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போனவர்கள் பலர். பிற இனங்களோடு கலப்புத் திருமணம் செய்தவர்கள் பலர். குடும்பப் பெயர் தந்தை வழியாகவே செல்வதால், மகள் வழிப் பேரன் பேத்திக்கு அது போய்ச் சேருவதில்லை. ஆகவேதான் இந்தப் பெயர் அரிதாகி விட்டது. ஆனாலும் மறைந்து விடவில்லை. 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்காச் செட்டிகளைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது.

இதிலே நமக்கு என்ன இருக்கிறது? சொல்கிறேன்.

நான் அறிந்த ஒரு தோட்டத்திலே, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர் காலமானார். அவருடைய ஊழியர் சேமநிதிப் பணத்தை வாங்க மனைவி போனார். அடையாளக் கார்டில் ‘மாரிமுத்து’ என்றிருந்தது. செக்ரோலில் யாரோ ஒரு கிராணி சுருக்கமாக ‘மாரி’ என்று எழுதியிருந்தார். மகனுடைய பிறப்புப் பத்திரத்திலோ ‘மாரிமூத்து’. மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்த அம்மாள் எத்தனை படிகள் ஏறி இறங்கினார், எத்தனை சத்தியப் பத்திரம் எழுதினார் தெரியுமா? ஒரு நாள் சம்பளத்தை விட்டு விட்டுப் போகும் ஒவ்வொரு பயணமும் அவருக்கு அடுப்பில் உலை வைக்காத நாள்.

தம் மொழியையே இழந்த ஒரு சமூகம் பெயரைக் கைவிடவில்லை. மொழியை இழக்காத நாம் பெயரை அடுத்தவர் பேனாவுக்கு விட்டுவிடலாமா? பிள்ளை பிறந்ததும் பதிவு செய்யப் போகும் தகப்பனார், பெயரை முன்னதாகவே ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போக வேண்டும். தம் அடையாளக் கார்டில் உள்ளபடியே தம் பெயரைக் கொடுக்க வேண்டும். பத்திரத்தைக் கையில் வாங்கியதும், முகப்பை விட்டு நகருமுன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். பிழையிருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் தகப்பனார், பாட்டனார், பூட்டனார் பெயர்களை எழுதி வையுங்கள். பாட்டி பெயரையும் மறவாதீர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். பத்திரத்தில் குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அந்த நோட்டுப் புத்தகமே குடும்பப் பெயர்.