பந்தலும் பாராளுமன்றமும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



குடியியல் பாடத்தில் அமுக்கக் குழுக்கள் பற்றிப் படித்தோம். ஆட்சியைக் கைப்பற்ற விரும்பாமல் அதன் கொள்கையை மாற்ற முயல்பவை என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். உதாரணத்துக்குத் தொழிற்சங்கம் என்று எழுதிவிடுவோம். இன்று வன்னியில் கற்பிக்கும் ஆசிரியை உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். சில நாள்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

அரசு எதுவுமே செய்யாததால் அவர்கள் வீதிக்கு வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகச் சட்டம் முந்திய ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. அது வந்த முறையைத்தான் பார்க்க வேண்டும். மக்களின் கருத்தைக் கேட்க, மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் 2016 தொடக்கத்தில் அரசே ஒரு செயலணியை நியமித்தது. 7,000க்கு மேற்பட்ட கருத்துகள் வந்து சேர்ந்தன. ஆனால் சட்டம் ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது. செயலணியின் இறுதி அறிக்கை கையளிக்கப்பட்டதோ 2017 ஜனவரியில். கறியை இறக்கியபின் உப்பு எவ்வளவு போடட்டும் என்று கேட்ட கதைதான்.

தாய்மார் கேட்டவை இரண்டு. பிள்ளை எங்கே? கொண்டுபோனவருக்கு என்ன தண்டனை? முதற்கேள்விக்கு ஓர் அலுவலகம் கிடைத்தது. இரண்டாவதற்கு, குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் உரிய அதிகாரிகளுக்கு அலுவலகம் அறிவிக்கலாம். அதன் கண்டறிதல்கள் எவருக்கும் குற்றவியல், குடியியல் பொறுப்பை ஏற்படுத்தமாட்டா என்கிறது சட்டம். கோரிக்கை கொழும்பு போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிட்டது.

ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதும் நியாயமன்று. அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டம், ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழுக்கு வழிசெய்தது. கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்காமலே காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவல்களைப் பார்க்கலாம். கேட்டுக் கேட்டே அது வந்தது. கேப்பாப்புலவு பிலவுக்குடியிருப்பில் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் ஒரு மாதம் இருந்து, 2017 மார்ச் 1இல் தம் காணிக்குள் காலடி வைத்தார்கள்.

பிற்காலக் கதை ஒன்று உங்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. 2025 மார்ச் 28இல் வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு ஒரு வர்த்தமானி வெளியானது. முல்லைத்தீவில் மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. உறுதிகளை இடம்பெயர்வில் தொலைத்தவர்களும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வது? ஆனால் அதை நேரத்தோடு வாசித்தவர்கள் இருந்தார்கள். மக்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தனர், வழக்குப் போடப்பட்டது, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெற்றது.

இதனாலேயே சங்கம் ஒரு சிறு வேலையை எடுத்துள்ளது. எம் மாவட்டங்களைத் தொடும் வர்த்தமானிகளையும் சட்டமூலங்களையும் நாம் வாசித்து, எளிய தமிழில் உங்களுக்கு அனுப்புவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பத்துக்கு 14 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதவும் உதவுவோம். பிரதேச செயலகங்களில் பணியாற்றும் எம் தங்கைமார் சிலர் முன்வந்திருக்கிறார்கள். சட்டத்தரணிகளான பழைய மாணவிகள் இன்னும் சிலர் தேவை. விருப்பமுள்ளோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.